சித்தப்பாவின் வரியை யார் கட்டுவது?

சித்தப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று பின்னேரம் லண்டன் ஹாரோவில் அவருடைய வீட்டிலேயே எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். சாப்பாடு முடிகிற நேரம் தம்பி கேட்டான்: "சின்னக்கா, உந்த இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸை ஆர் கட்டுறது? அவரவர் பங்குக்கு அவரவரோ, இல்லை நீங்களோ?"

இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ் என்றால் இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு இங்கிலாந்தில் கட்டும் வரி. அன்று என்னிடம் பதில் இல்லை. உயிலில் எக்ஸிகியூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர், என்று என் பெயர் இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பதில் முழுதாக விளங்க ஒன்றரை வருடமும், எதிர்பாராத 19,000 பவுண் அளவிலான செலவும் ஆயின. இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஆட்களில் முதல் தலைமுறை இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வந்தது இன்னொரு வீட்டுக்கு வராமல் இருக்கட்டும் என்றுதான் விபரமாக எழுதுகிறேன்.

சித்தப்பா 1986இல் யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து வந்தவர். கலியாணம் செய்யவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பிறகு ஒரு வெயர்ஹவுஸில் வேலை. ஹாரோவில் வாங்கிய வீட்டின் கடனை ஓய்வு பெறுவதற்கு முன்பே கட்டி முடித்திருந்தார். 2023 பெப்ரவரி 17ஆம் தேதி மாரடைப்பில் போனார். வீட்டையும் மிச்சச் சொத்தையும் அக்கா, நான், தம்பி மூன்று பேருக்கும் சமமாக எழுதியிருந்தார். கொக்குவில் காணியை அங்கே இருக்கும் தன் தங்கைக்கு, அதாவது எங்கள் மாமிக்கு, எழுதியிருந்தார்.

கலியாணம் செய்யாதவர் என்பது வரிக்கணக்கில் பெரிய விஷயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒருவருடைய சொத்தில் முதல் 325,000 பவுணுக்கு வரி இல்லை. இந்த வரம்பு 2009இலிருந்து மாறவே இல்லை. வீடு சொந்தப் பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் மேலதிகமாக 175,000 வரை விலக்கு உண்டு. கணவன் மனைவியில் முதலில் போனவர் பாவிக்காத வரம்பு மற்றவருக்குச் சேரும். அப்படித்தான் ஒரு தம்பதி 10 லட்சம் பவுண் வரை வரியில்லாமல் பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம் என்று ஆட்கள் சொல்கிறார்கள். பெறாமக்களான எங்களுக்கு அதில் ஒன்றும் பொருந்தாது. தூக்கி வளர்த்த சித்தப்பாதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் நாங்கள் அவருடைய நேர் வாரிசுகள் இல்லை. 325,000க்கு மேலே உள்ள எல்லாவற்றுக்கும் 40 வீதம்.

கணக்கைப் பாருங்கள். வீடு 540,000. வங்கியிலும் ஐசா என்ற வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கிலும் சேர்த்து 90,000. ஐசாவுக்கு வரி இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். உயிரோடு இருக்கும்வரைதான் அது. கொக்குவில் காணி, அவர் இறந்த நாளின் மதிப்பில் ஒரு கோடி நாற்பது லட்சம் இலங்கை ரூபாய், அன்றைய மாற்று விலைக்குக் கிட்டத்தட்ட 32,000 பவுண். காரும் வீட்டுச் சாமான்களும் 3,000. செத்தவீட்டுச் செலவும் கட்டவேண்டிய பில்களும் 8,000, அதைக் கழிக்கலாம். மிச்சம் 657,000. அதில் 325,000 போக, 332,000க்கு 40 வீதம். வரி 132,800 பவுண்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். தமிழில் வாரிசு வரி என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் குழம்பிப்போகிறோம். சில நாடுகளில் வாரிசு ஒவ்வொருவரும் தனக்குக் கிடைத்ததற்குத் தானே வரி கட்டுகிறார். இங்கே அப்படி இல்லை. இறந்தவர் விட்டுப்போன சொத்து முழுவதுக்கும் ஒரே வரி, பங்கு பிரிப்பதற்கு முன்பே அந்தச் சொத்திலிருந்து எடுத்துக் கட்டவேண்டும். கட்டவேண்டிய ஆள், உயில் இருந்தால் எக்ஸிகியூட்டர். உயில் இல்லாவிட்டால் நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி, அது பெரும்பாலும் நெருங்கிய சொந்தக்காரர்.

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். எச்.எம்.ஆர்.சி., அதாவது இங்கத்தைய வரித் திணைக்களம், யாரைப் பிடிக்கும் என்பது ஒன்று. கடைசியில் யாருடைய காசு குறைகிறது என்பது மற்றது. குறைவது வாரிசுகளின் காசு. பிடிபடுவது எக்ஸிகியூட்டர். என் கைக்கு வந்த சொத்தின் அளவு வரைக்கும் நான் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. வரி கட்டாமல் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், "எல்லாம் குடுத்து முடிஞ்சுது, என்னட்ட ஒண்டும் இல்லை" என்று சொல்லித் தப்பமுடியாது. என் சொந்தச் சேமிப்பிலிருந்து கட்டவேண்டும். இந்த ஒன்றை யாராவது அந்தியேட்டியன்றே எனக்கு உடைத்துச் சொல்லியிருக்கலாம்.

உயிலில் என்னோடு அப்பாவின் பெயரும் இருந்தது. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, படிவங்களைக் கண்டாலே பயம். எதையும் தொடுவதற்கு முன்பே விலகல் படிவம் ஒன்றில் கையெழுத்து வைத்து அவர் விலகிக்கொண்டார். உங்களை யாராவது எக்ஸிகியூட்டராகப் போட்டிருந்தால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வங்கிக் காசை எடுத்து, வீட்டைக் காலி செய்து வேலையைத் தொடங்கிவிட்டால் பிறகு விலகுவது லேசில் நடக்காது.

அடுத்த சிக்கல் காசு. வரி கட்டினால்தான் புரோபேட், அதாவது சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதி, கிடைக்கும். புரோபேட் கிடைத்தால்தான் வீட்டை விற்கலாம், வங்கிக் கணக்கை எடுக்கலாம். அப்படியென்றால் வரி கட்டக் காசுக்கு எங்கே போவது? ஒரு உறவினர் தன் வீட்டின் மேல் கடன் எடுத்துக் கட்டினாராம், என்னையும் அப்படிச் செய்யச் சொன்னார். செய்யாதது நல்லதாய்ப் போயிற்று. இறந்தவருடைய வங்கிக் கணக்கிலிருந்து நேராக எச்.எம்.ஆர்.சி.க்குக் காசு அனுப்ப ஒரு வழி இருக்கிறது. ஐஎச்டி (இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ்) 423 என்ற படிவத்தை, வங்கிக்கு ஒன்றாக நிரப்பிக் கொடுக்கவேண்டும். செத்தவீட்டுப் பில்லைக் காட்டினால் அதையும் வங்கி அந்தக் கணக்கிலிருந்தே கட்டும்.

முழு வரியையும் உடனே கட்டவேண்டியதும் இல்லை. வீடு, காணி மீதான வரியைப் பத்து வருடத் தவணையாகக் கட்டலாம். விற்ற உடன் மிச்சம் முழுவதையும் கட்டிவிடவேண்டும். அதனால் புரோபேட்டுக்கு முன் நான் கட்டவேண்டி வந்தது காசு, கார், சாமான் பங்குக்கான 17,200 பவுண் அளவுதான். அது சித்தப்பாவின் கணக்கிலிருந்தே போனது. அதற்கு முன்பே வரிக்கென்று ஒரு இலக்கம் எடுக்கவேண்டும். காசு கட்டுவதற்குக் குறைந்தது மூன்று கிழமை முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள்.

தேதியையும் குறித்து வையுங்கள். இறந்த மாதம் முடிந்து ஆறாவது மாதக் கடைசிதான் கெடு. சித்தப்பா பெப்ரவரியில் போனார், எனவே ஓகஸ்ட் 31. அதன்பிறகு கட்டாமல் நிற்கும் காசுக்கு, தவணையில் விட்ட வீட்டு வரி உட்பட, வட்டி ஓடும். 2023 ஓகஸ்டிலிருந்து ஒரு வருடம் அது 7.75 வீதமாக இருந்தது. 2025 ஏப்ரலில் கணக்கிடும் முறையையே மாற்றி 8.5 வீதம் ஆக்கினார்கள். தவணை கிடைக்கிறது என்று வீட்டை விற்காமல் ஆறப்போட்டால் இந்த வட்டி பங்கைத் தின்றுவிடும்.

மாமிக்கு இதை விளங்கப்படுத்தியதுதான் எனக்கு மனதளவில் கடினமாக இருந்தது. சித்தப்பா நிரந்தரமாக இங்கே வாழ்ந்தவர், ஆகவே உலகத்தில் எங்கே சொத்து இருந்தாலும் அது பிரித்தானிய வரிக்குள் வரும். 2025 ஏப்ரல் 6இலிருந்து சட்டம் மாறிவிட்டது, கடந்த 20 வரி வருடங்களில் 10 வருடம் இங்கே வசித்தவர் என்றால் போதும். ஊரில் காணி வைத்திருக்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு இது பொருந்தும். இந்தியாவிலிருந்து வந்த நண்பர்கள், அங்கே 1985இலேயே இப்படிப்பட்ட வரியை எடுத்துவிட்டார்கள், ஊர் வீட்டுக்கு ஏன் இங்கே வரி என்று கேட்பார்கள். அங்கே வரி இல்லை என்பதால் மட்டும் இங்கே இல்லை என்று ஆகிவிடாது; இந்தியாவோடு உள்ள பழைய வரி ஒப்பந்தம் சிலருக்கு உதவலாம், அதை விசாரித்துப் பார்க்கவேண்டும்.

வெளிநாட்டுக் காணிக்கான வரியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. உயிலில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், இங்கே உள்ள வீடு, காசுக்கான வரி பொதுச் சொத்திலிருந்து போகும். ஆனால் வெளிநாட்டுச் சொத்தின் வரிச்சுமை அந்தச் சொத்தைப் பெறுகிறவர் தலையில். கட்டுவது நான்தான், ஆனால் மாமியிடம் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை உண்டு. காணியின் பங்குக்கு வந்தது 6,500 பவுண் அளவு. ஃபோனில் சொன்னபோது மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, அது எங்கட அம்மாவின்ர சீதனக் காணியெல்லே. நான் ஏன் லண்டன் அரசாங்கத்துக்குக் காசு கட்டோணும்?" என்றா. எழுபத்தெட்டு வயது மனுசியிடம் எந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டுவது? அக்கா, தம்பி, நான் மூன்று பேரும் பேசி, அதை எங்கள் பங்கிலிருந்தே விடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். வாய்ச்சொல்லில் விட்டிருந்தால் பின்னால் வந்த சண்டையில் அதுவும் கிளம்பியிருக்கும்.

அந்தச் சண்டைக்குக் காரணம் ஒரு காசோலை.

ஐஎச்டி 400 என்ற பெரிய படிவத்தோடு 403 என்று ஒரு இணைப்பு உண்டு. இறந்தவர் கடைசி ஏழு வருடத்தில் யாருக்கு என்ன கொடுத்தார் என்று அதில் எழுதவேண்டும். சித்தப்பா மாமிக்கு மாதாமாதம் 150 பவுண் அனுப்பிக்கொண்டிருந்தார். அதை எழுத முதலில் பயந்தேன். ஆனால் தன் வருமானத்திலிருந்து, ஒழுங்காக, தன் சீவியத்துக்குக் குறைவு வராமல் கொடுக்கும் காசுக்கு வரி இல்லை. ஏழு வருடக் கணக்கிலும் அது சேராது. எங்கள் ஆட்களில் ஊருக்குக் காசு அனுப்பாதவர் யார்? அனுப்பிய ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். வருடத்துக்கு வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு என்று நிரூபிக்கவேண்டியவர் எக்ஸிகியூட்டர்தான்.

வேறு ஏதாவது பெரிய தொகை கொடுத்தாரா என்று குடும்பத்தில் கேட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருட வங்கிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, பெரிய நன்கொடை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஏழு வருடத்துக்கும் எடுத்திருக்கவேண்டும். வங்கியில் கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை, பிழை என்னுடையது.

புரோபேட் வந்தது. 2024 மார்ச்சில் வீடு விற்றது, போட்ட மதிப்புக்கே போனது. மிச்ச வரியையும் வட்டியையும் கட்டினேன். ஏப்ரலில் மூன்று பங்காகப் பிரித்து அனுப்பினேன். தம்பி தன் பங்கை அப்படியே வீட்டுக்கடனில் போட்டான்.

ஓகஸ்டில் எங்கள் கராஜில் கிடந்த சித்தப்பாவின் பெட்டிகளை ஒதுக்கினேன். கோயில் பஞ்சாங்கம் ஒன்றுக்குள் செக் புத்தகத்தின் அடிக்கட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. ரப்பர் உக்கிப்போய், தொட்ட உடன் துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நீலப் பேனையால் தமிழில் எழுதியிருந்தார்: கவுன்சில் டாக்ஸ், கோயில் திருவிழா உபயம், பொய்லர் திருத்தினது. அதில் ஒன்று: "12.6.2019. 50,000. பிள்ளைக்கு வீடு வாங்க." பிள்ளை என்றால் மாமியின் மகன். மச்சான் மில்டன் கீன்ஸில் வீடு வாங்கிய வருடம் அது. அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு கராஜ் தரையிலேயே இருந்துவிட்டேன். அவருக்கு மருமகன் மேல் அவ்வளவு அன்பு. எனக்கோ நெஞ்சு படபடத்தது.

2019 ஜூனிலிருந்து 2023 பெப்ரவரி வரை மூன்று வருடம் எட்டு மாதம். ஏழு வருடம் ஆகவில்லை. வருடத்துக்கு 3,000 பவுண் விலக்கு, முந்திய வருடம் பாவிக்காத 3,000, இரண்டையும் கழித்தால் 44,000.

மச்சானுக்கு எடுத்தேன். முதலில் அவர், "அது கைமாத்தா வாங்கினதெண்டு போடலாமோ?" என்று கேட்டார். கடன் என்றால் 50,000 பவுணையும் அவர் எங்களுக்குத் திருப்பித் தரவேண்டும், அது முழுதும் சொத்துக் கணக்கில் ஏறும், வரி இன்னும் கூடும். தவிர, அது உண்மையும் இல்லை. சித்தப்பா கொடுத்தது கொடுத்ததுதான்.

அக்கா ஒரே பிடியாக நின்றா. "காசை வாங்கினது அவன். வரியை அவன் கட்டட்டும்." யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஏழு வருடத்துக்குள் கொடுத்த காசுக்கு வரி வந்தால், அதைக் கட்டவேண்டிய முதல் ஆள் வாங்கியவர்தான் என்று சட்டமும் சொல்கிறது. இறந்த மாதம் முடிந்து 12 மாதத்துக்குள் அவர் கட்டாவிட்டால் எக்ஸிகியூட்டரிடம் வருவார்கள். ஆனால் இங்கே மச்சானின் காசுக்கு வரியே வரவில்லை. அந்த 325,000 வரம்பு முதலில் நன்கொடைக்குப் போகிறது. 44,000 அதற்குள் அடங்கிவிட்டது, மச்சானுக்கு வரி பூச்சியம். வீடு, காசு, காணிக்கு மிஞ்சிய வரம்பு 281,000 மட்டுமே. எனவே வரி 132,800 இல்லை, 150,400. கூடிய 17,600 பவுணும் எங்கள் பக்கம்.

மூன்று வருடம் தாண்டினால் வரி குறையும் என்று தம்பி எங்கோ கேள்விப்பட்டிருந்தான். நன்கொடை மேலேயே வரி விழுந்தால்தான் அந்தக் குறைப்பு. பூச்சியத்தில் எதைக் குறைப்பது? இந்த இடத்தில் தடுமாறாதவர்கள் குறைவு. நான் போய்ப் பார்த்த கணக்காளர்கூட ஒருமுறை நின்று, திரும்பப் பார்த்துத்தான் சொன்னார்.

மறைக்கலாம் என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்து என்னுடையது. திருத்தக் கணக்கு ஒன்றை நிரப்பி, அடிக்கட்டையின் படத்தையும் வைத்து, செப்டெம்பரில் அனுப்பினேன். அவர்கள் கண்டுபிடிக்க முன் நாங்களே சொன்னதால் தண்டம் போடவில்லை. வட்டி மட்டும் 1,350 பவுண் அளவில் வந்தது.

அந்த நேரம் சொத்துக் கணக்கில் ஒரு சதம் இல்லை, எல்லாவற்றையும் பிரித்துவிட்டேனே. தம்பியின் காசு வீட்டுக்கடனுக்குள். அக்கா, "விசாரிக்காமல் கையெழுத்து வைச்சது நீ" என்று சொல்லி இரண்டு கிழமை பேசவில்லை. 18,950 பவுணையும் என் பங்கிலிருந்து நான்தான் கட்டினேன். சட்டப்படியும் அந்த நேரத்தில் எச்.எம்.ஆர்.சி. கேட்டிருக்கக்கூடிய ஆள் நான்தான். வாரிசுகளிடமும் அவர்கள் கேட்கலாம், ஆனால் படிவத்தில் இருந்த பெயரும் விலாசமும் என்னுடையவை.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் ஒன்றை முதலில் சொல்வேன்: ஐஎச்டி 30 என்று ஒரு படிவம் இருக்கிறது, "இனி வரி பாக்கி இல்லை" என்று கேட்டு வாங்குவதற்கு. அது வரும்வரை கடைசிப் பங்கைப் பிரிக்காதீர்கள். பிள்ளைகள் அவசரப்படுத்தினால் ஒரு பகுதியைக் கொடுங்கள், ஒரு நல்ல தொகையைப் பிடித்து வையுங்கள், பின்னால் வரி வந்தால் அவரவர் பங்குக்குத் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்குங்கள். கூடப்பிறந்தவர்களிடம் எழுதி வாங்குவதா என்று கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலையை மேலே எழுதிவிட்டேன்.

அம்மா அப்பாவோடு சேர்ந்து கூட்டு வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அந்தக் காசு உயிலுக்குள் வராமல் நேராக உங்களுக்கு வந்தாலும், அவருடைய பங்கு வரிக்கணக்கில் சேரும், அந்த வரியின் சுமை உங்களுடையது. 2027 ஏப்ரல் 6 முதல் எடுக்காமல் விட்டுப்போகும் பென்ஷன் காசும் இந்த வரிக்குள் வருகிறது என்று அரசு அறிவித்திருக்கிறது, அதற்கும் பொறுப்பு எக்ஸிகியூட்டரே. உயிரோடு இருக்கும் பெற்றோரிடம் பென்ஷன் தாள் எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இப்போதே கேளுங்கள். கேட்பது அபசகுனம் என்று அம்மா சொன்னா. நான் கேட்டேன். ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா.

மச்சான் சட்டப்படி ஒரு சதமும் தரவேண்டியவர் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் வந்து 5,000 பவுணை என் கணக்குக்கு அனுப்பிவிட்டு, "மாமா இருந்தா இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்" என்றார். மிச்சத்தை மூன்றாகப் பிரித்தோம். அக்கா தன் பங்கை ஒரே தரத்தில் தந்துவிட்டா, இப்போது பழையபடி ஞாயிறு தோறும் ஃபோன் எடுக்கிறா. தம்பி மாதம் 200 பவுணாகத் தருகிறான். வங்கிக் கணக்கில் அந்த வரவுக்கு நேரே அவன் போட்டிருக்கும் குறிப்பு "சித்தப்பா".